வெட்டினாலும் வளரும் ஈரல், நோயுற்றால் வளராதது ஏன்?

மேல்நிலை முதலாம் ஆண்டு, உயிரியல் பிரிவு மாணவியர்

பல்லி தன் வாலைத் துண்டித்துக்கொண்டு ஓடுவதையும், சில வாரங்களில் அதற்குப் புது வால் முளைப்பதையும் நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். பிளனேரியாவை இரண்டாக வெட்டினால் இரண்டு பிளனேரியாக்கள் ஆகின்றன என்று விலங்கியல் பாடத்தில் படித்திருக்கிறோம். இழந்த உறுப்பைத் திரும்பப் பெறும் இந்த ஆற்றலுக்கு இழப்பு மீட்டல் என்று பெயர். மனிதருக்கு இவ்வாற்றல் மிகக் குறைவு. விரல் போனால் போனதுதான். ஆயினும் நம் உள்ளுறுப்புகளுள் ஒன்று இதற்குப் பெரிய விலக்காக இருக்கிறது. அதுவே கல்லீரல். அதில் பாதிக்கு மேல் வெட்டி நீக்கினாலும், எஞ்சிய பகுதி சில மாதங்களில் ஏறக்குறைய பழைய அளவை எட்டிவிடுகிறது.

இப்பாடம் நடந்த அன்று எங்கள் தோழி ஒருத்தி எழுந்து ஒரு கேள்வி கேட்டாள். "சிஸ்டர், எங்கள் பெரியப்பாவுக்குக் கல்லீரலில் ஒரு கட்டி இருக்கிறது. ஈரல் முழுவதும் கெட்டிருப்பதால், கட்டியை வெட்டி எடுத்தால் மீதி வளராது, ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். வளரும் என்று புத்தகம் சொல்கிறதே?" வகுப்பில் ஒரு சத்தமும் இல்லை. சிஸ்டர் அவளை அமரச் சொல்லி, "நல்ல கேள்வி. ஒரு வரியில் விடை சொல்லக் கூடாத கேள்வி. எல்லோரும் தேடிப் படியுங்கள்" என்றார். அவ்வாறு நாங்கள் தேடிப் படித்தவற்றையே இங்குத் தருகிறோம்.

முதலில் ஈரலின் அமைப்பைப் பார்ப்போம். வளர்ந்த மனிதரின் கல்லீரல் ஏறத்தாழ 1.5 கிலோ எடையுள்ளது. வலப்புற விலா எலும்புகளுக்குள், உதரவிதானத்தின் கீழ் அமர்ந்திருக்கிறது. நிமிடத்திற்கு ஏறக்குறைய 1.5 லிட்டர் இரத்தம் இதன் வழியே பாய்கிறது. இந்த இரத்தம் இரண்டு வழிகளில் வருகிறது. கால் பங்கு, இதயத்திலிருந்து வரும் தமனி வழியாக வருகிறது. மீதி முக்கால் பங்கு, குடல், கணையம், மண்ணீரல் ஆகியவற்றிலிருந்து போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. நாம் உண்ட உணவின் சத்துகளும், கணையம் சுரக்கும் இன்சுலினும் முதலில் கல்லீரலுக்கு வந்த பின்னரே உடலின் மற்றப் பகுதிகளுக்குச் செல்கின்றன. ஊருக்குள் வரும் சரக்கெல்லாம் முதலில் சோதனைச் சாவடியில் நின்று செல்வது போல எனலாம்.

ஈரலை மெல்லிய சீவலாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தேன்கூடு போன்ற அறுகோண அமைப்புகள் தெரியும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அகலம். இவற்றுக்குள் ஈரல் செல்கள் வரிசை வரிசையாக நிற்க, வரிசைகளுக்கிடையே சைனுசாய்டு எனப்படும் நுண்ணிய இரத்தப் பாதைகள் ஓடுகின்றன. இப்பாதைகளின் சுவர் சல்லடை போன்றது. துளைகளின் வழியே இரத்த நீர் கசிந்து வந்து ஈரல் செல்களை நேராகத் தொடுகிறது. இந்தச் சல்லடையைத் தோழியர் மறவாதிருக்க வேண்டுகிறோம். பின்னர் வரப்போகும் செய்தி முழுவதும் இதைச் சுற்றியதே.

கல்லீரலின் பணிகள் பல. பித்தநீர் சுரத்தல், சர்க்கரையைச் சேமித்தல், இரத்தம் உறைவதற்கான புரதங்களை ஆக்குதல், நச்சான அம்மோனியாவை யூரியாவாக மாற்றுதல் என அடுக்கிக்கொண்டே போகலாம். இவற்றில் எதையும் ஒரு நாள்கூட நிறுத்தி வைக்க இயலாது.

நலமுள்ள ஈரல் எப்படி வளர்கிறது? 1931-இல் அமெரிக்காவில் ஹிக்கின்ஸ், ஆண்டர்சன் என்னும் இருவர் எலிகளின் ஈரலில் மூன்றில் இரண்டு பங்கை நீக்கும் முறையை விவரித்தனர். ஏழு முதல் பத்து நாட்களில் ஈரல் பழைய எடைக்கு வந்துவிட்டது. ஆனால் வெட்டப்பட்ட மடல்கள் மீண்டும் முளைக்கவில்லை. எஞ்சிய மடல்களே பருத்தன. முருங்கைக் கிளையை வெட்டினால் வெட்டிய இடத்தில் துளிர்க்கும். ஈரல் அவ்வாறு துளிர்ப்பதில்லை. கூட்டுக் குடும்பத்தில் இருவர் வெளியூர் சென்றுவிட்டால், வீட்டில் இருப்போர் அவர்கள் வேலையையும் சேர்த்துச் செய்வதைப் போன்றது இது. ஆகவே நாம் தொடக்கத்தில் சொன்ன பல்லி வால் உவமை முழுவதும் பொருந்தாது. நோயுற்ற ஈரலின் துன்பமும் இந்த வேறுபாட்டில்தான் தொடங்குகிறது. வளர வேண்டியது எஞ்சிய பகுதி. அந்த எஞ்சிய பகுதியே நோயுற்றதாக இருந்தால் என்ன செய்வது?

ஈரலுக்குத் தன்னில் ஒரு பகுதி போய்விட்டது என்று எப்படித் தெரிகிறது? இதில் ஒரு பெண் அறிஞரின் பங்கு உண்டு என்று அறிந்தபோது எங்களுக்கு மிக்க மகிழ்ச்சி. பாஸ்டன் நகரில் ஆய்வு செய்த நான்சி பூக்கர், தம் உடன் ஆய்வாளர் மூல்ட்டன் என்பவருடன் 1967-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். இரண்டு எலிகளின் இரத்த ஓட்டத்தை ஒன்றோடொன்று இணைத்தனர். ஒன்றுக்கு மட்டும் ஈரலின் பெரும்பகுதியை நீக்கினர். கத்தி படாத மற்ற எலியின் ஈரலும் டி.என்.ஏ. தயாரிக்கத் தொடங்கியது! வளரச் சொல்லும் செய்தி இரத்தத்தில்தான் வருகிறது என்பது இதனால் தெளிவாயிற்று. அச்செய்திகளுள் முதன்மையான ஒன்றை, ஈரல் செல் வளர்ச்சிக் காரணியை, 1984-இல் ஜப்பானில் தோஷிகாசு நகமுரா குழுவினர் எடுத்துக் காட்டினர்.

இன்று அறிந்துள்ளபடி நிகழ்வுகள் இவ்வாறு செல்கின்றன. மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டால், முழு ஈரலுக்கும் வந்துகொண்டிருந்த போர்ட்டல் இரத்தம் எஞ்சிய ஒரு பங்குக்குள் பாய்கிறது. அதாவது ஒவ்வொரு கிராம் ஈரலுக்கும் மூன்று மடங்கு இரத்தம். அந்த வேகமே ஒரு செய்தி. சைனுசாய்டுகளில் காவலிருக்கும் குப்ஃபர் செல்கள் சில பொருள்களைச் சுரந்து, உறங்கும் ஈரல் செல்களை எழுப்பிவிடுகின்றன. பின்பு வளர்ச்சிக் காரணிகள் அவற்றைப் பகுப்படையச் செய்கின்றன. எலியில் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் டி.என்.ஏ. தயாரிப்பு உச்சத்தை அடைகிறது. போதிய அளவு வளர்ந்ததும் டி.ஜி.எஃப். பீட்டா போன்ற பொருள்கள் தடைக்கட்டை போட்டு நிறுத்துகின்றன.

இந்த ஆற்றலை நம்பியே உயிருள்ள ஒருவர் தம் ஈரலில் ஒரு பகுதியை மற்றவருக்குத் தரும் அறுவை மருத்துவம் பிறந்தது. 1989-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஒரு தாய் தம் குழந்தைக்குத் தந்தது வெற்றி பெற்றது. இந்தியாவில் 1998-இல் தில்லியில், தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தைக்கு அதன் தந்தை தந்தார். கொடுத்தவரிடம் எஞ்சியதும் வளர்கிறது. பெற்றவரிடம் சென்றதும் வளர்கிறது. பெற்றோர்களே, இதைவிடப் பொருத்தமான கொடை வேறு உண்டா!

இனி நோயுற்ற ஈரலுக்கு வருவோம். நெஞ்சொலி மானியைக் கண்டுபிடித்த பிரெஞ்சு மருத்துவர் லேனெக், முண்டும் முடிச்சுமாகப் பழுப்பு மஞ்சள் நிறத்தில் இறுகிக் கிடந்த ஈரல்களைக் கண்டு, 1819-இல் அந்நோய்க்கு சிரோசிஸ் என்று பெயரிட்டார். மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் அது. நம்மவர் இதனைக் கல்லீரல் சுருக்கம் என்பர்.

இங்கு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கல்லீரல் நோய் என்று கேட்டதும், "குடித்திருப்பார்" என்று முணுமுணுக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மது ஈரலைக் கெடுக்கும் என்பது மறுக்க இயலாத உண்மை. ஆனால் பி, சி வகை ஈரல் அழற்சி வைரஸ்கள், சர்க்கரை நோயோடும் உடற்பருமனோடும் வரும் கொழுப்பு ஈரல், பிறவியிலேயே பித்தக் குழாய் அடைபட்ட குழந்தைகளின் நோய், உடலின் எதிர்ப்பாற்றல் தன் ஈரலையே தாக்கும் நோய் ஆகிய அனைத்தும் இதே சுருக்கத்தில் கொண்டு விடுகின்றன. மதுவைத் தொட்டே அறியாத பாட்டிமாருக்கும் இந்நோய் வருகிறது. நோயாளியின் வீட்டார் ஏற்கெனவே கலங்கி நிற்கையில், அறியாமையால் அவர்களை மேலும் நோகச் செய்வது நியாயமன்று என்பது எங்கள் கருத்து.

சுருங்கிய ஈரல் வளரவே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. அது வளர்ந்து வளர்ந்து களைத்துப் போன ஈரல். பல ஆண்டுகளாக நாள்தோறும் செல்கள் மடிய, மீந்தவை பகுப்படைந்து இடத்தை நிரப்புகின்றன. ஆனால் ஒழுங்காக அன்று. தழும்புச் சுவர்களுக்கிடையே அகப்பட்டு, உருண்டை உருண்டையான முடிச்சுகளாக வளர்கின்றன. புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை யாரோ கையால் கலைத்துவிட்டால், மாவு அங்கேயே இருக்கும், கோலம் இராது அல்லவா? அது போல ஈரல் செல்கள் இருக்கின்றன. ஆனால் இரத்தம் வரும் வழியும் பித்தநீர் போகும் வழியும் அவற்றோடு சரியாக இணைவதில்லை.

இத்தழும்பை இழைப்பவை எவை? சைனுசாய்டு சுவருக்கும் ஈரல் செல்லுக்கும் இடையே விண்மீன் வடிவச் செல்கள் சில உள்ளன. நலமாக இருக்கும்போது அவை வைட்டமின் ஏ சேமித்து வைக்கும் சாதுவான செல்கள். ஈரல் ஓயாது புண்படும்போது அவை வைட்டமினை இழந்து, உருமாறி, கொலாஜன் நார்களை நெய்யத் தொடங்குகின்றன. ஒரு நாள் புண்ணுக்கு அந்த நார் மருந்து. ஆண்டுக்கணக்கான புண்ணுக்கு அதுவே விலங்கு. நார் பெருகப் பெருக, நாம் மறவாதிருக்கச் சொன்ன சல்லடையின் துளைகள் அடைபடுகின்றன. இரத்தத்தில் வரும் வளர்ச்சிக் காரணியும், இன்சுலினும், உயிர்வளியும் செல்களைத் தொட முடிவதில்லை. செய்தி வந்து வாசலில் நிற்கிறது, கதவு திறக்கவில்லை. மேலும், தடைக்கட்டை போடும் டி.ஜி.எஃப். பீட்டாவே இந்த நார்களை நெய்யத் தூண்டும் பொருளும் ஆகும். ஆகவே நோயுற்ற ஈரலில் அந்தத் தடை எப்போதும் போட்டபடியே இருக்கிறது. எழுப்பும் பொருள்களும் நாட்பட்ட அழற்சியால் ஓயாது சுரந்துகொண்டிருப்பதால், அறுவைக்குப் பின் புதிதாக எழும் குரல் எடுபடுவதில்லை. நாள் முழுவதும் மணி அடிக்கும் பள்ளியில் எந்த மணிக்கு வகுப்பு மாறுவது?

இரண்டாவது இடையூறு இரத்த ஓட்டம். இறுகிய ஈரலுக்குள் நுழைய முடியாத போர்ட்டல் இரத்தம் பின்னே தேங்குகிறது. அழுத்தம் கூடுகிறது. அடைபட்ட வாய்க்கால் நீர் கரை உடைத்துப் பக்க வழி தேடுவது போல, உணவுக்குழாயைச் சுற்றியுள்ள சிரைகள் வழியாக அது ஈரலைச் சுற்றிப் போய்விடுகிறது. மண்ணீரல் வீங்குகிறது, வயிற்றில் நீர் கோக்கிறது, சிலர் இரத்த வாந்தி எடுக்கின்றனர். ஈரலுக்கு உரிய சத்தும் இன்சுலினும் இவ்வாறு வழி மாறிப் போகின்றன. இந்நிலையில் ஈரலில் ஒரு பகுதியை வெட்டி நீக்கினால், மீந்த சிறு பகுதியின்மேல் முழு அழுத்தமும் விழுகிறது. நலமுள்ள ஈரலின் சைனுசாய்டுகள் விரிந்து கொடுக்கும். வேகம் வளர்ச்சிக்குத் தூண்டுகோல் ஆகும். இறுகிய ஈரலில் அதே வேகம் செல்களைக் காயப்படுத்துகிறது.

மூன்றாவது, செல்களின் முதுமை. குரோமோசோம்களின் முனைகளில் டெலோமியர் என்னும் காப்பு உறைகள் உள்ளன. காலணிக் கயிற்றின் முனையில் உள்ள சிறு குப்பியைப் போன்றவை. செல் பகுப்படையும் ஒவ்வொரு முறையும் இவை சற்றுக் குறுகுகின்றன. மிகவும் குறுகிவிட்டால் அந்தச் செல் உயிரோடிருந்தும் இனிப் பகுப்படையாது. (டெலோமியர்கள் பற்றிய ஆய்வுக்காக 2009-இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் எலிசபெத் பிளாக்பர்ன், கரோல் கிரைடர் ஆகிய இருவர் பெண்மணிகள்.) சிரோசிஸ் ஈரலின் செல்களில் டெலோமியர்கள் குறுகியிருப்பதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியுள்ளனர். பித்தக் குழாய்களின் அருகே உள்ள இருப்புச் செல்கள் அப்போது உதவிக்கு வருகின்றன. ஆனால் அவற்றின் வேலை மெதுவானது.

கொழுப்பு ஈரலில் தழும்பு இல்லாமலும் வளர்ச்சி குன்றலாம். கொழுப்புத் துளிகளால் செல்கள் உப்பி, சைனுசாய்டுகளை நெருக்குகின்றன. ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவும் நலிந்து போகின்றன. அறுவையின்போது இரத்தப்போக்கைக் குறைக்க, ஈரலுக்கு வரும் குழாய்களைச் சிறிது நேரம் இறுக்கிப் பிடிக்கும் முறையை கிளாஸ்கோ நகரின் பிரிங்கிள் 1908-இல் விவரித்தார். நல்ல ஈரல் இதைத் தாங்கும். கொழுத்த ஈரல் அந்தச் சிறு பட்டினிக்கே மிகவும் நலிகிறது. பித்தக் குழாய் அடைபட்டு மஞ்சள் காமாலையோடு இருக்கும் ஈரலும் அவ்வாறே. தேங்கிய பித்த உப்புகள் செல்களுக்கு நஞ்சாகின்றன. எனவே பெரிய அறுவைக்கு முன் பித்தநீரை வடித்துவிடுவது உண்டு.

இவ்வளவும் ஒரு பந்தயமாக முடிகிறது. அறுவை முடிந்த மறுகணமே மீந்த பகுதி முழு ஈரலின் வேலையையும் செய்ய வேண்டும், வளரவும் வேண்டும். பகுப்படையும் செல்லுக்கு ஆற்றல் வேண்டும். வேலைக்கும் ஆற்றல் வேண்டும். நலமுள்ள ஈரல் இரண்டையும் சமாளிக்கிறது. நோயுற்றது இரண்டிலும் பின்தங்கினால் காமாலை கூடும், இரத்தம் உறையாது, அம்மோனியா மூளையை மயக்கும். 2005-இல் பாரிஸ் மருத்துவர்கள் ஓர் எளிய அடையாளம் தந்தனர். அறுவைக்குப் பின் ஐந்தாம் நாளில் இரத்தம் உறையும் திறனைக் காட்டும் புரோத்ராம்பின் அளவு 50 விழுக்காட்டுக்குக் கீழும், பிலிருபின் லிட்டருக்கு 50 மைக்ரோமோலுக்கு மேலும் இருந்தால் ஆபத்து மிகுதி.

ஆகவே அறுவை மருத்துவர்கள் கத்தியை எடுக்குமுன் கணக்குப் போடுகின்றனர். சி.டி. ஸ்கேன் மூலம், மீதியாகப் போகும் ஈரலின் அளவைக் கணிக்கின்றனர். நலமுள்ள ஈரலில் ஏறத்தாழ 20 முதல் 25 விழுக்காடு மீந்தாலும் போதும். நெடுநாள் புற்றுநோய் மருந்து பெற்ற ஈரலில் 30 வேண்டும். சிரோசிஸ் உள்ள ஈரலில் 40 ஆவது வேண்டும். இண்டோசயனின் பச்சை என்னும் சாயத்தை ஊசி வழியே செலுத்தி, 15 நிமிடம் கழித்து இரத்தத்தில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பதும் உண்டு. நல்ல ஈரல் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் எடுத்துவிடும்.

அளவு போதாவிட்டால்? ஜப்பானில் மசதோஷி மக்குச்சி முதலியோர் 1980-களில் ஓர் அருமையான வழியைக் கைக்கொண்டனர். வெட்டப்போகும் பக்கத்திற்குச் செல்லும் போர்ட்டல் கிளையை முன்கூட்டியே அடைத்துவிடுவார்கள். இரத்தம் முழுவதும் மறு பக்கம் திரும்பும். சில வாரங்களில் அந்தப் பக்கம் பருத்துவிடும். பருத்த பிறகே அறுவை. பருக்காவிட்டால், அந்த ஈரலுக்கு வளரும் வலிமை இல்லை என்பது கத்தி படுமுன்னரே தெரிந்துவிடும்.

தோழியின் கேள்விக்கு விடை இப்போது தெளிவாகிறது. ஈரலில் தோன்றும் புற்றுக்கட்டிகள் பெரும்பாலும் ஏற்கெனவே சுருங்கிய ஈரலில்தான் தோன்றுகின்றன. ஓயாத செல் பகுப்பில் பிழைகள் சேர்வதே அதற்குக் காரணம். வெட்டி எடுக்கும் தேவை யாருக்கு மிகுதியோ, அவர்களுக்கே அதைத் தாங்கும் ஆற்றல் குறைவு. ஆனால் டாக்டர் "வெட்டக் கூடாது" என்றால் "ஒன்றும் செய்ய இயலாது" என்று பொருளன்று. சிறு கட்டியை ஊசி வழி வெப்பத்தால் கருக்கலாம். கட்டி ஒன்றே ஆகி 5 செ.மீ.க்கு மேற்படாதிருந்தால், அல்லது மூன்றுக்கு மேற்படாமல் ஒவ்வொன்றும் 3 செ.மீ.க்குள் இருந்தால், ஈரலையே மாற்றுவது நற்பலன் தரும் என்று 1996-இல் மிலான் நகரிலிருந்து வெளியான ஆய்வு காட்டியது. அந்த அளவுகோல் இன்றும் பயன்படுகிறது.

வீட்டில் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "கீழாநெல்லி கொடுத்தால் ஆகாதா?" பி வைரஸ் உடையோர்க்குக் கீழாநெல்லி கொடுத்துச் சென்னையில் தியாகராசன் குழுவினர் செய்த ஆய்வு, அவ்வைரஸைக் கண்டுபிடித்த பிளம்பர்க்கின் பெயரும் சேர்ந்து, 1988-இல் லான்செட் இதழில் வெளிவந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. மூலிகையை நம்பி மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடுவதே பெருந்தீங்கு. பி வைரஸுக்குத் தடுப்பூசி இருக்கிறது. முதல் ஊசியைக் குழந்தை பிறந்த 24 மணி நேரத்திற்குள் போட வேண்டும்.

தழும்பு விழுந்த ஈரல் ஒருபோதும் திருந்தாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 2013-இல் வெளியான ஓர் ஆய்வு அதை மாற்றியது. பி வைரஸால் சிரோசிஸ் வந்து, டெனோஃபோவிர் மருந்தை ஐந்து ஆண்டுகள் உண்ட 96 பேரின் ஈரல் திசுவை மீண்டும் பார்த்தபோது, 71 பேருக்குச் சிரோசிஸ் காணப்படவில்லை. புண்படுத்தும் காரணத்தை நீக்கினால் நார்கள் கரையவும் செய்கின்றன. கொழுப்பு ஈரலோ இன்னும் விரைவில் திருந்துகிறது. தம்மவருக்கு ஈரல் தர முன்வருவோரில் சிலருக்குக் கொழுப்பு மிகுதியாக இருந்தால், மருத்துவர்கள் அவர்களை உடனே விலக்கிவிடுவதில்லை. உணவைக் குறைத்து, நாள்தோறும் நடந்து, எடையை இறக்கி வரச் சொல்கின்றனர். சில வாரங்களில் மீண்டும் சோதித்துப் பார்த்து, கொழுப்பு இறங்கியிருந்தால் அறுவைக்கு நாள் குறிக்கின்றனர்.